விருந்தும் மருந்தும்

தீபாவளி விடியலில் எண்ணெய்க் குளியல் முடித்தவர்கள் பல இல்லங்களில் முதலில் உண்பது இனிப்பன்று. நெல்லிக்காய் அளவு இலேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் திரிகடுகத்துடன் ஓமமும் தனியாவும் அரைத்து, வெல்லப்பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் சேர்த்துத் திரட்டப்படுவது அது. பலகாரங்கள் வயிற்றை மந்தமாக்கும் என்பதை அறிந்த முன்னோர், விருந்துக்கு முன்பே மருந்தை வைத்தனர். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', எந்த மருந்தின் பெயரையும் சொல்லாமல், உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதையே பெரிதும் வலியுறுத்துவது ஈண்டு எண்ணத்தக்கது.

இன்று இலேகியம் கடைகளில் புட்டியில் கிடைக்கிறது, அளவுதான் கிடைப்பதில்லை. ஒருநாள் விருந்து, இனிப்புப் பெட்டிகளின் வரவால் இரு வாரங்களுக்கு நீள்கிறது. ஒருநாள் உண்ணும் அதிரசம் எவரையும் கெடுத்துவிடாது. ஆதலால் பண்டிகையைப் பழிப்பது முறையன்று. ஆனால், இலேகியத்திலும் வெல்லமும் நெய்யும் உண்டு. அதனை விழுங்கிவிட்டு வரம்பின்றி உண்ணலாம் என எண்ணுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

உணவினும் பெரிதாகக் குலைவது உறக்கம். நள்ளிரவு வரை கைப்பேசியில் விழித்திருக்கும் மாணவர், நண்பகலில் எழுந்து காலையுணவை இழக்கின்றனர். 5 முதல் 17 வயது வரையிலானோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் உடலை நன்கு இயக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதில் விடுமுறைக்கு விலக்கில்லை. பள்ளி திறந்த நாளன்று, காலை வழிபாட்டில் தலைசுற்றி அமரும் மாணவரிடம் ஆசிரியர் முதலில் கேட்பது, "காலையில் சாப்பிட்டாயா?" என்பதே.