கடலுக்குப் பட்டா இல்லை

விழுப்புரம் மாவட்ட மீனவக் குப்பமான பொம்மையார்பாளையத்தில் படகை ஏற்றி வைக்கவே மணல் போதவில்லை. புதுச்சேரித் துறைமுகம் வந்த பிறகு அதன் வடக்குக் கரையைக் கடல் தின்றுகொண்டே இருக்கிறது. கொட்டிய கருங்கல்லுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஃபைபர் படகுகளை நெருக்கி நிறுத்திவிட்டு, அந்த நிழலில் உட்கார்ந்து வலையைப் பழுது பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட விழுப்புரம், புதுச்சேரி கடற்பகுதியில் எண்ணெய், எரிவாயு தேட 2018 அக்டோபரில் வேதாந்தா நிறுவனத்தோடு மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது.

இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்பது டெல்லி சொல்லும் காரணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் எரிவாயுத் தேவையில் ஏறக்குறைய பாதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. அந்த வியாபாரமே இன்று தலைகீழாகிவிட்டது. 1999இல் கத்தாரோடு இந்தியாவின் பெட்ரோநெட் நிறுவனம் போட்டது 25 ஆண்டு ஒப்பந்தம். கச்சா எண்ணெய் விலையை ஒட்டி எரிவாயுவின் விலை. 2004இல் குஜராத்தின் தஹேஜுக்கு முதல் கப்பல் வந்தது. பிறகு அமெரிக்கா பாறை இடுக்கிலிருந்து எரிவாயு எடுத்து, 2016இல் லூசியானாவிலிருந்து திரவமாக்கிக் கப்பலேற்றத் தொடங்கி, 2023இல் திரவ எரிவாயு ஏற்றுமதியில் உலகின் முதலிடத்துக்கு வந்தது. இன்ன துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டு பல கப்பல்களுக்கு இப்போது இல்லை. விலை எங்கே அதிகமோ அங்கே போகின்றன.

2022இல் அதன் வலி தெரிந்தது. ரஷ்யக் குழாய் வற்றியதும் ஐரோப்பா கேட்ட விலை கொடுத்து வாங்கியது. ரஷ்யாவின் காஸ்ப்ரோமுடைய பழைய கிளை நிறுவனத்தோடு நம் அரசு நிறுவனமான கெயில் 20 ஆண்டு ஒப்பந்தம் வைத்திருந்தும் கப்பல்கள் வரவில்லை. இங்கே உரத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. எண்ணூரில் 2019இல் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இறக்கும் முனையம் கட்டியாயிற்று. ஆனால் வரும் சரக்கின் விலை நம் கையில் இல்லை.

ஆகவே சொந்தக் கிணறு வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. நிலக்கரியைவிட எரிவாயு புகை குறைந்தது என்பதும் உண்மை. என் கோபம் வேறு இடத்தில். நிலத்தில் கிணறு தோண்ட வந்தால் பட்டாக்காரர் பெயருக்கு நோட்டீஸ் வரும். கடலில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்பவருக்கு எந்த சர்வே எண்ணில் நோட்டீஸ் வரும்? அதனால்தான் 2019 ஜூன் 12 அன்று மரக்காணம் முதல் ராமேஸ்வரம் வரை சாலையோரம் மக்கள் இந்தத் திட்டங்களை எதிர்த்துக் கைகோத்து நிற்க நேர்ந்தது.

அடுத்த ஆண்டு ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று விதியை மாற்றியது. பிப்ரவரியில் தமிழக அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கானது. அதில் விழுப்புரம் இல்லை. கருத்துக்கேட்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதை கலெக்டர் அலுவலகத்தில் நடத்தாமல் பொம்மையார்பாளையம் போன்ற குப்பங்களில், படகு கரைக்கு வந்த பிறகு, ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் நடத்த வேண்டும்.