அறிமுக விழாவில் சொன்னதும் கலைக்களஞ்சியத்தில் எழுத வேண்டியதும்

2023 ஜனவரி மூன்றாம் வாரத்தில் சென்னை ஐஐடி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கைப்பேசிகளுக்கான உள்நாட்டு இயங்குதளம் ஒன்று தயாராகிவிட்டது, அதன் பெயர் பார்ஓஎஸ் என்றது அறிவிப்பு. ஐஐடியின் பிரவர்த்தக் தொழில்நுட்ப அறக்கட்டளையின் அரவணைப்பில் வளர்ந்த ஜேண்ட்கே ஆபரேஷன்ஸ் என்ற புத்தொழில் நிறுவனம் அதை உருவாக்கியிருந்தது. அதே மாதம் 24ஆம் தேதி ஒன்றிய அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் அஸ்வினி வைஷ்ணவும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் இந்தியாவின் போட்டி வந்துவிட்டது என்று தலைப்புச் செய்திகள் பறந்தன. ஆரவாரம் அடங்குவதற்குள் தொழில்நுட்ப ஏடுகள் இன்னொரு தகவலையும் எழுதின. கூகுள் வெளியிடும் ஆண்ட்ராய்டு திறந்த மூலத் திட்டத்தின், சுருக்கமாக ஏஓஎஸ்பியின், குறியீட்டை எடுத்து அதில் மாற்றங்கள் செய்துதான் பார்ஓஎஸ் உருவாகியிருந்தது.

இரண்டு செய்திகளுமே உண்மையானவை. இவற்றில் எது விக்கிப்பீடியா கட்டுரையின் முதல் வரியில் வர வேண்டும்?

இது கணினித் துறைக்காரர்களின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. தேடுபொறியில் ஒரு பெயரைத் தட்டினால் பக்கவாட்டுப் பெட்டியில் பெரும்பாலும் விக்கிப்பீடியாவின் முதல் ஓரிரு வரிகள்தான் தெரிகின்றன. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அங்கிருந்தே நிறையக் கற்கின்றன. போட்டித் தேர்வுக்கான நடப்பு நிகழ்வுத் தொகுப்புகளில் பார்ஓஎஸ் ஒரு வினா விடையாகவே இடம்பிடித்துவிட்டது. கிராமத்து நூலகத்தில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கும் இளைஞருக்குப் போய்ச்சேருவது அந்த முதல் வரிதான். அது அரைகுறையாக இருந்தால் அவர் மனத்தில் பதிவதும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

ஒரு புதிய இயங்குதளம் எதை அடித்தளமாகக் கொண்டது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். யாருடைய பெருமைக்காகவும் அதை மூன்றாவது பத்திக்குத் தள்ளக் கூடாது.

விக்கிப்பீடியாவில் இயங்குதளக் கட்டுரைகளின் ஓரத்தில் தகவற்சட்டம் ஒன்று இருக்கும். உருவாக்கியவர் யார், எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, மூலக்குறியீடு திறந்ததா மூடியதா, இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னல் எந்த வகை, முதல் வெளியீடு எப்போது, உரிமம் என்ன, இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று அதில் கட்டங்கள் வரிசையாக நிற்கும். அறிமுக விழாக்களின் மொழி இந்தக் கட்டங்களில் நுழைய முடியாது. ‘புரட்சிகரமான’, ‘அடுத்த தலைமுறை’, ‘முழுக்கப் பாதுகாப்பான’ போன்ற சொற்களுக்கு அங்கே இடமே இல்லை. குடும்பம் என்ற கட்டத்தில் லினக்ஸ் என்றோ ஆண்ட்ராய்டு என்றோ எழுத வேண்டும். தெரியாவிட்டால் காலியாக விட வேண்டும். அந்தக் காலி இடமும் படிப்பவருக்கு ஒரு தகவல்தான்.

இந்தக் கட்டங்களை நிரப்புவது எவ்வளவு சிக்கலாகும் என்பதற்குச் சீனாவின் ஹுவாவே நல்ல எடுத்துக்காட்டு. 2019 மே மாதம் அமெரிக்கா அந்நிறுவனத்தை வணிகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. புதிய கைப்பேசிகளில் கூகுள் சேவைகளை வைக்க வழியில்லாமல் போனது. அதே ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி டோங்குவான் நகரில் நடந்த மாநாட்டில் ஹார்மனிஓஎஸ் அறிமுகமானது. ஆண்ட்ராய்டிலிருந்தும் ஐஓஎஸ்ஸிலிருந்தும் முற்றிலும் மாறுபட்டது என்று நிறுவனத்தின் தலைமை அதிகாரிகளில் ஒருவரான ரிச்சர்ட் யூ மேடையிலேயே சொன்னார். உலகெங்கும் ஊடகங்கள் அதை அப்படியே எழுதின.

2021 பிப்ரவரியில் ஆர்ஸ் டெக்னிகா என்ற தொழில்நுட்ப ஏட்டின் செய்தியாளர் ரான் அமாடியோ அதைத் தாமே சோதிக்க முனைந்தார். செயலி உருவாக்குவோருக்கான கருவிகளைப் பெறுவதற்கே அடையாள அட்டையின் படத்தை அனுப்பி, பின்னணிச் சரிபார்ப்புக்காக இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளே நுழைந்து அமைப்புகள் பகுதியைத் திறந்தால், செயலிப் பட்டியலில் ஆண்ட்ராய்டின் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாக வரிசைகட்டி நின்றன. பலவற்றின் பெயரிலேயே ஆண்ட்ராய்டு இருந்தது. பதிப்பு எண்ணும் 10 என்றே காட்டியது. அப்போது கைப்பேசிக்குத் தரப்பட்ட ஹார்மனிஓஎஸ், ஆண்ட்ராய்டு 10 பதிப்பிலிருந்து பிரிந்த கிளை என்ற முடிவுக்கு அவர் வந்தார். மேடைப் பேச்சுக்கும் திரையில் தெரிந்ததற்கும் இடையே இருந்த தூரத்தை அளந்து காட்டிய கட்டுரை அது.

விவகாரம் அதோடு முடிந்திருந்தால் கலைக்களஞ்சியத்தின் வேலை எளிதாகியிருக்கும். ஆனால் ஹுவாவே சும்மா இருக்கவில்லை. 2023இல் ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்ட் என்ற புதிய பதிப்பை அறிவித்தது. ஏஓஎஸ்பி குறியீட்டை முழுவதும் நீக்கி, ஹாங்மெங் என்ற சொந்தக் கெர்னலின் மேல் அதைக் கட்டியது. 2024 அக்டோபர் 22ஆம் தேதி அது முறைப்படி வெளியானது. ஆண்ட்ராய்டு செயலிகளை நேரடியாக நிறுவினால் அதில் ஓடாது. ஆக, 2021இல் கைப்பேசிகளுக்கு வந்த ஹார்மனிஓஎஸ் வேறு, 2024இல் வந்தது வேறு. ‘ஹார்மனிஓஎஸ் ஆண்ட்ராய்டின் நகல்’ என்று இன்று எழுதுகிறவரும் தவறுகிறார். ‘தொடக்கம் முதலே தனித்தது’ என்று எழுதுகிறவரும் தவறுகிறார். பதிப்பு எண்ணும் ஆண்டும் இல்லாமல் இயங்குதளத்தைப் பற்றி எழுதும் எந்த வாக்கியமும் சீக்கிரமே பொய்யாகிவிடும்.

பிறர் குறியீட்டை அடிப்படையாகக் கொண்டது என்று சொல்வது தங்களை மட்டம் தட்டுவது என உருவாக்கியவர்களும் ஆதரவாளர்களும் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்துக்கு அடிப்படையே இல்லை. ஆண்ட்ராய்டின் உள்ளே ஓடுவது லினக்ஸ் கெர்னல். உபுண்டு, டெபியனிலிருந்து பிறந்தது. ஆப்பிள் கணினிகளின் மேக்ஓஎஸ்ஸில் மாக், பிஎஸ்டி ஆகிய இரண்டு பல்கலைக்கழக ஆய்வுத் திட்டங்களின் குறியீடுகள் கலந்திருக்கின்றன. அமேசானின் ஃபயர்ஓஎஸ் ஏஓஎஸ்பியின் கிளை. நம் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்று வெளிப்படையாகவே அறியப்பட்டது. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த மடிக்கணினிகளில் அது இடம்பெற்றது. டெபியனிலிருந்து வந்தது என்பதால் யாரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை. இந்திய மொழிகளில் கணினியைப் பயன்படுத்த அது செய்த வேலைதான் அதன் பெருமை.

அடித்தளத்தைச் சொல்வதற்கு அவசரமான ஒரு காரணமும் உண்டு. அதுதான் பாதுகாப்பு.

2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற குறைபாடு வெளிச்சத்துக்கு வந்தது. ஆண்ட்ராய்டில் காணொளிகளைக் கையாளும் நிரலகத்தில் ஓட்டை. பல்லூடகச் செய்தியாக ஒரு காணொளியை அனுப்பினாலே போதும், பெறுபவர் அதைத் திறக்காமலே கைப்பேசிக்குள் ஊடுருவ வழி இருந்தது. 95 கோடிக் கருவிகள் வரை பாதிக்கப்படலாம் என்று அதைக் கண்டறிந்த ஜிம்பீரியம் நிறுவனம் மதிப்பிட்டது. அந்த ஓட்டை திறந்த மூலக் குறியீட்டிலேயே இருந்ததால், அதிலிருந்து பிரிந்த கிளைகளுக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது. சயனோஜன்மாட் போன்ற கிளைகளும் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அஸ்திவாரத்தில் விரிசல் விட்டால் மாடியில் குடியிருப்பவருக்கும் ஆபத்துதானே. அதற்குப் பிறகுதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிடத் தொடங்கியது.

இப்போது ஓர் அரசு அலுவலகமோ வங்கியோ ‘உள்நாட்டு இயங்குதளம்’ என்ற பெயரை நம்பி நூற்றுக்கணக்கான கைப்பேசிகளை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அது ஏஓஎஸ்பியின் கிளை என்று தெரிந்தால்தான் பொறுப்பில் உள்ள அதிகாரிக்குச் சரியான கேள்வி தோன்றும்: கூகுளின் மாதாந்திரத் திருத்தம் வந்த எத்தனையாவது நாளில் இந்தக் கருவிக்கு அது வந்து சேரும்? தனிக் கெர்னலில் எழுந்த தளம் என்றால் கேட்க வேண்டியது வேறு: இதன் ஓட்டைகளைத் தேடிப் பார்த்தவர் யார்? கலைக்களஞ்சியத்தின் முதல் வரி மௌனமாக இருந்தால் இரண்டு கேள்விகளுமே எழாமல் போகும். உள்நாட்டுத் தயாரிப்பு என்பது மட்டுமே எந்த ஓட்டையையும் அடைத்துவிடாது.

மறுபக்கத்திலும் பிழை நடக்கிறது. அடித்தளம் தெரிந்தவுடன் ‘வெறும் ஆண்ட்ராய்டுக்கு மேல்பூச்சு’ என்று ஏளனமாக எழுதிவிட்டுப் போவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. கிராஃபீன்ஓஎஸ்ஸும் ஏஓஎஸ்பியிலிருந்து வந்ததுதான். ஆனால் நினைவகப் பாதுகாப்பிலும் செயலிகளுக்கான அனுமதிகளிலும் அது செய்திருக்கும் மாற்றங்கள் ஆழமானவை. பார்ஓஎஸ்ஸின் உருவாக்குநர்கள் முன்வைத்த சிறப்புகளும் குறிப்பானவை: முன்பே நிறுவப்பட்ட செயலிகள் எதுவும் இல்லை, நிறுவனங்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் தனியார் செயலிக் களஞ்சியம், புதுப்பிப்புகள் தாமாகவே வந்து இறங்கும் ஏற்பாடு. இவற்றைக் கட்டுரையில் எழுதத்தான் வேண்டும். ‘உருவாக்கிய நிறுவனத்தின் கூற்றுப்படி’ என்று தொடங்கி எழுத வேண்டும். கூற்றுக்கும் சோதனைக்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சிறு தொடர் காப்பாற்றிவிடும்.

விக்கிப்பீடியாவின் விதி ஒன்று புதியவர்களுக்கு எரிச்சலூட்டும். கைப்பேசி கையில் இருக்கிறது, கணினியோடு இணைத்து ஒரே கட்டளையில் கெர்னலின் பெயரையும் பதிப்பையும் பார்த்துவிட முடிகிறது, ஆனாலும் அதைக் கட்டுரையில் சேர்க்க முடியாது. சொந்த ஆய்வுக்கு அங்கே இடமில்லை. வெளியே நம்பகமான ஓர் ஏட்டில் வெளியான பிறகுதான் அதை மேற்கோள் காட்டலாம். கண்ணால் கண்டதை எழுதக் கூடாதா என்று கோபம் வருவது இயல்பே. விதி சரியானதுதான். எவரும் திருத்தக்கூடிய ஒரு களஞ்சியத்தில், ‘நான் பார்த்தேன்’ என்பது சான்றானால் ‘நான் பார்த்ததாகச் சொன்னேன்’ என்பதும் சான்றாகிவிடும். மின்சார டோஸ்டரைக் கண்டுபிடித்தவர் என்று ஓர் ஆளைப் பற்றிய புனைவு ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ பத்தாண்டுகள் இருந்து, செய்தித்தாள்களிலும் நூல்களிலும் பரவி, 2022இல்தான் அம்பலமானது. அந்தச் செய்திகளும் நூல்களுமே அந்தப் புனைவுக்குச் சான்றுகளாக நின்றன.

காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். 2016 ஆகஸ்டில் கூகுள் எந்த அறிவிப்பும் இல்லாமல் ஃபூஷியா என்ற இயங்குதளத்தின் குறியீட்டை இணையத்தில் போட்டது. லினக்ஸ் அல்லாத தனிக் கெர்னல். ஆண்ட்ராய்டுக்கு மாற்று இதுதான் என்று ஊடகங்கள் ஆண்டுக்கணக்கில் ஊகித்தன. 2021 மே மாதம் அது முதன்முதலாக வந்தது கைப்பேசியில் அன்று, நெஸ்ட் ஹப் என்ற வீட்டுத் திரைக் கருவியில். அந்த ஐந்தாண்டுகளில் கலைக்களஞ்சியம் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். குறியீடு இருக்கிறது, கெர்னல் புதிது, நோக்கத்தைக் கூகுள் அறிவிக்கவில்லை. மூன்றே வரிகள். சிறிய கட்டுரை என்றாலும் குறையற்ற கட்டுரை.

புதிய இயங்குதளத்தைச் சரியாக விவரிப்பது எப்படி என்பதற்கு, அதை எழுதியவரே முன்மாதிரி தந்த தருணம் ஒன்று வரலாற்றில் உண்டு. 1991 ஆகஸ்ட் 25ஆம் தேதி, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்களுக்கு, பின்னாளில் லினக்ஸ் எனப் பெயர் பெற்ற தம் படைப்பைப் பற்றி எழுதினார். பொழுதுபோக்காகச் செய்வது, பெரிதாக ஒன்றும் வராது என்றார். எந்த இரண்டு நிரல்கள் அதில் ஓடத் தொடங்கிவிட்டன என்று பதிப்பு எண்ணோடு குறிப்பிட்டார். 386 ரகக் கணினிக்கு மட்டுமே எழுதியது, வேறு கருவிகளுக்கு எளிதில் கொண்டுபோக முடியாது, குறிப்பிட்ட ஒரு வகை வன்தட்டைத் தவிர வேறெதையும் ஒருவேளை ஏற்கவே ஏற்காது என்றெல்லாம் குறைகளை அவரே அடுக்கினார். எதிர்காலம் பற்றிய அவருடைய கணிப்பு பொய்த்தது. அன்றைய நிலை பற்றி அவர் சொன்னவை உண்மை. இன்றைய செய்திக்குறிப்புகளில் காணக் கிடைக்காதது இந்த நேர்மைதான்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. தன்னார்வலர்களின் உழைப்பில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளாக வளர்ந்திருக்கிறது. தொழில்நுட்பம் பற்றித் தமிழிலேயே மேற்கோள் காட்ட நினைக்கும் ஒரு தன்னார்வலருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் செய்திக்குறிப்பின் மறுபதிப்புகள்தாம். சான்று தேவை என்ற குறிப்பைப் போட்டுவிட்டு அவர் எத்தனை நாள் காத்திருப்பார்? இந்தக் குறையைத் தீர்க்கும் கடமை தமிழ் இதழ்களுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் இருக்கிறது. வழியும் இருக்கிறது. லினக்ஸ் கெர்னல், ஜிபிஎல் உரிமத்தின் 2ஆம் பதிப்பின் கீழ் வருகிறது. அந்தக் கெர்னலோடு ஒரு கைப்பேசியை விற்பவர், மாற்றங்களோடு சேர்ந்த அதன் மூலக்குறியீட்டையும் கொடுத்தாக வேண்டும். ஒரு கல்லூரியின் கணினித் துறை அப்படிப்பட்ட கைப்பேசி ஒன்றை வாங்கி, குறியீட்டை எழுத்துமூலம் கேட்டுப் பெற்று, மூலப் பதிப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டு, எது புதிது, எது பழையது, எந்தத் தேதியின் பாதுகாப்புத் திருத்தம் வரை சேர்ந்திருக்கிறது என்று ஆறு பக்கத்தில் எழுதினால், அதை வெளியிட ஒரு நாளிதழின் இணைப்பிதழில் இடம் இல்லாமல் போகாது. தன்னார்வலர் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி, காலியாக விட்டிருந்த கட்டங்களை நிரப்பத் தொடங்கலாம்.