நிக்கல் சர்வரோக நிவாரணி அன்று

துருப்பிடிக்காத எஃகும் தாங்காத இடத்தில் நிக்கல் கலப்புலோகத்தைப் போட்டுவிட்டால் அரிப்பைப் பற்றிய கவலை அன்றோடு ஒழிந்தது என்றும், விலை ஏற ஏற உலோகமும் உத்தமமாகிறது என்றும், இரசாயன ஆலைகளில் பொருள் வாங்கும் பொறுப்பிலுள்ளோரிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. செலவு செய்தவரின் மனச்சமாதானத்துக்கு அது உதவலாம். குழாய்க்கும் கலத்துக்கும் உதவாது.

இவ்வுலோகங்கள் எவ்வகை அமிலத்துக்கும் அஞ்சா என்பது முதல் வாதம். மூன்றில் இரண்டு பங்கு நிக்கலும் மிச்சத்தில் பெரும்பகுதி செம்புமான மோனல், காற்றுப் புகாத ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் மெச்சத்தக்க உறுதியோடு நிற்பது மெய். நைட்ரிக் அமிலத்தில் அது வெகு விரைவில் கரைந்துபோவதும் மெய். ஏறத்தாழ 28 சதவீதம் மாலிப்டினம் கலந்த ஹாஸ்டெல்லாய் பி, கொதிக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையே பொறுத்துக்கொள்ளும்; ஆனால் அவ்வமிலத்தில் ஃபெரிக் உப்பு சொற்பமாகக் கலந்தாலும் அந்தப் பொறுமை பறந்துவிடுகிறது. ஆக்ஸிகரண சக்தியுள்ள பொருள்களைத் தடுத்து நிறுத்தும் மெல்லிய படலத்தை அளிப்பது குரோமியம். அது இக்கலவையில் அநேகமாக இல்லை என்பதே காரணம். ஆகவே, என்ன அமிலம் என்று கேட்டால் மட்டும் போதாது. அதில் என்ன அழுக்கு கலந்திருக்கிறது என்றும் கேட்கவேண்டும்.

உயர்ந்த உலோகம் அருகிலிருந்தால் தாழ்ந்ததற்கும் நன்மை என்பாரும் உண்டு. 1915-இல் அமெரிக்காவில் கட்டப்பட்ட ‘சீ கால்’ என்னும் உல்லாசப் படகுக்கு மேல்தகடு மோனல், உட்சட்டம் எஃகு. கடல்நீரில் இரண்டும் மின்கலம்போல் இயங்க, தகடு மாசின்றி இருக்கச் சட்டம் கரைந்தது. படகு சொற்ப காலத்திலேயே உடைக்கப்பட்டது.

நல்ல தகட்டை வாங்கியாயிற்று, இனி எந்தப் பட்டறையிலும் பற்றவைக்கலாம் என்னும் வாதமே மிகுந்த நஷ்டத்தை விளைவிப்பது. பழைய ஹாஸ்டெல்லாய் சியைப் பற்றவைத்தபோது, பற்றின் ஓரத்தில் உஷ்ணம் ஏறியிறங்கிய பட்டையில் கார்பைடுகள் பிரிந்து படிந்தமையால், கலம் முழுவதும் நன்றாயிருக்க அந்தப் பட்டை மட்டும் அரித்துப்போயிற்று. கட்டி முடித்த கலத்தை மீண்டும் உலையிலிட்டுக் காய்ச்சி விரைந்து குளிர்விக்க வேண்டியிருந்தது. கரியையும் சிலிக்கனையும் வெகுவாகக் குறைத்து 1960-களில் வந்த சி-276 தான் அந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. எனினும் தகட்டில் ஒட்டிய கிரீஸையும் அடையாளமிட்ட மெழுகுக் கட்டியின் கறையையும் துடைக்காமல் சூடேற்றினால், அவற்றிலுள்ள கந்தகம் நிக்கலோடு கூடி 650 டிகிரிக்குக் கீழேயே உருகும் கலவையாகி, உலோகத்தின் மணியிடை எல்லைகளில் புகுந்து வெடிப்பை உண்டாக்கும். எந்த உயர்ந்த ரகத்துக்கும் இதில் விலக்கில்லை. கடைசலிலும் அப்படியே: மழுங்கிய உளியால் உரசினால் மேற்பரப்பு இறுகி, அடுத்த வெட்டுக்கு இடங்கொடாது.

சுத்த ஜலத்திலாவது பயமில்லையே என்பார்கள். 70 சதவீதத்துக்கு மேல் நிக்கலுள்ள 600 எண் கலப்புலோகம், இழுவிசைக்கு உட்பட்ட நிலையில், 350 டிகிரியளவு வெப்பமுள்ள மிகத் தூய நீரில் வெடிப்பு விடுகிறது என்று பிரான்சு நாட்டு விஞ்ஞானி கோரியு 1959-லேயே எடுத்துரைத்தார். பலர் நம்பவில்லை. பின்னர் அணுமின் நிலையங்களின் நீராவிக் கலங்களில் அவ்வுலோகக் குழாய்கள் வெடித்தன. இன்று அவ்விடத்தில், குரோமியம் ஏறத்தாழ இருமடங்குள்ள 690-ஐப் பயன்படுத்துகிறார்கள்.