பைன் மரம் தெரியும், செம்புளிச்சான் தெரியாது

நைனார்பாளையத்தில் எந்த வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலும் கொடைக்கானல் பைன் காட்டில் எடுத்த படம் ஒன்றாவது கிடைக்கும். கல்யாணமான புதிதில் எடுத்தது, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வரிசையாக நிற்கவைத்து எடுத்தது, நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்துப் போனபோது குணா குகைக்குப் போகிற வழியில் இறங்கி எடுத்தது. பின்னால் நெடுநெடுவென்று மரங்கள், முன்னால் கடன் வாங்கிய ஸ்வெட்டருக்குள் நாங்கள். இத்தனை படம் எடுத்தவர்கள் ஒருத்தராவது குனிந்து, காலடியில் கிடந்த ஊசியிலைக் கொத்து ஒன்றைப் பொறுக்கி, அதில் எத்தனை ஊசி என்று எண்ணியதாக யாருக்கும் நினைவில்லை.

எண்ணியிருந்தால் பாதி விஷயம் தெரிந்திருக்கும். பைன் மரத்தின் இலைகள் தனித்தனியாக முளைப்பதில்லை. இரண்டோ மூன்றோ ஐந்தோ ஊசிகள் அடியில் மெல்லிய காகிதம் போன்ற உறைக்குள் ஒன்றாகச் செருகியிருக்கும். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் அதிகம் நட்டிருப்பது பாட்டுலா பைன். பெரும்பாலும் கொத்துக்கு மூன்று ஊசி, மெல்லியது, நீளமானது, எண்ணெய் தடவி வாரிவிட்ட கூந்தல் மாதிரி கீழே தொங்கும். மேல்மரத்துப் பட்டை செம்பழுப்பாக உரிந்துகொண்டிருக்கும். கூம்புகள் கொத்துக் கொத்தாகக் கிளையிலேயே வருஷக்கணக்கில் மூடிக் கிடக்கும். சொந்த ஊர் மெக்சிகோ. மூன்று ஊசி என்றதும் முடிவு கட்டிவிடவும் கூடாது. கலிபோர்னியாவிலிருந்து வந்த ரேடியேட்டா பைனுக்கும் மூன்றுதான், ஆனால் அது தொங்காது, கூம்பு ஒரு பக்கம் புடைத்துக் கோணலாக இருக்கும். இமயமலை அடிவாரத்துச் சீர் பைனுக்கும் மூன்றுதான். ஐந்து ஊசி இருந்தால் அது இமயமலை நீலப் பைனாக இருக்கலாம். இதற்கெல்லாம் பூதக்கண்ணாடிகூட வேண்டாம், விரல் போதும்.

நாங்கள் விரலை வேறு வேலைக்கு வைத்திருந்தோம். அங்கே பிள்ளைகள் கேட்டதும் நாங்கள் சொன்னதும் வீட்டுக்கு வீடு ஒன்றுதான்.

"ஏம்ப்பா, நம்ம கல்ராயன் மலையில மட்டும் ஏன் பைன் மரம் இல்ல?"

"நம்ம பக்கம் குளிர் பத்தாதுடா."

தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய இந்தப் பதில் தப்பு. சீர் பைன் இமயமலை அடிவாரத்தில் ஐந்நூறு மீட்டர் உயரத்திலேயே வளர்கிறது. கோடையில் அந்த இடம் கொதிக்கும். கல்வராயன் மலையில் பெரும்பகுதி அதைவிட உயரம். காரணம் குளிர் இல்லை, வரலாறு. பைன் குடும்பம் வடபாதி உலகத்துக் குடும்பம், தீபகற்பத்துக்குள் அது தானாக வந்து சேரவே இல்லை. குளிருக்குப் பஞ்சமில்லாத கொடைக்கானலிலும் அது தானாக முளைத்ததில்லை, ஆள் வைத்து நட்டது. ஜப்பானிலிருந்து வந்த கிரிப்டோமேரியாவும், கலிபோர்னியக் கடற்கரையிலிருந்து வந்த சைப்ரஸும் அப்படித்தான். "இமயமலையில் இருக்கிறதே, அப்புறம் பைன் எப்படி வெளிநாட்டு மரமாகும்?" என்று எங்களில் படித்தவர்களே கேட்பதுண்டு. மரத்துக்கு பாஸ்போர்ட் கிடையாது. இமயமலையில் மண்ணின் மரமாக இருப்பது பழனி மலையில் வந்தேறிதான்.

எங்கே நட்டார்கள் என்பதுதான் இன்னும் சங்கடமான விஷயம். பழனி மலை உச்சிகளில் சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்துக் கிடந்தன. மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கீழே விடுவது அந்தப் புல்வெளிதான். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கு, கூழ்மரத்துக்கு, விறகுக்கு என்று சீகை மரமும் தைலமரமும் பைனும் அதன்மேல் வரிசை கட்டி ஏறின. 1973க்கும் 2014க்கும் இடையில் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, பழனி மலையின் புல்வெளியில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. மரம் இல்லாத நிலம் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்தது அரசாங்கம் மட்டுமா? ஊர் மேய்க்கால் புறம்போக்கில் தைலங்கன்று நட்டபோது நாங்களும் கை தட்டித்தான் நின்றோம். போட்டோவுக்குப் பின்னணி தேடியவர்களுக்கு வெறும் புல் பிடிக்கவில்லை, பைன் பிடித்தது. அந்தக் காட்டின் தரையில் புல் பூண்டு அரிதாக இருப்பதையும் "எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு" என்று பாராட்டிவிட்டு வந்தோம்.

ஊர் திரும்பியும் எங்கள் கண் திருந்தவில்லை. சவுக்குத் தோப்பைக் காட்டி "இதுவும் பைன் ஜாதிதான்" என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு, அதில் சவுக்கு போட்டுக் காசு பார்த்தவர்களும் அடக்கம். விழுப்புரம், கடலூர் பக்கம் போனால் ஏக்கர் கணக்கில் சவுக்கு. கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறோம், காகித ஆலைக்கு ஏற்றுகிறோம். அந்தப் பச்சை ஊசி ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். கணுவில் கழன்று வரும். கணுவைச் சுற்றிப் பல் பல்லாக மிகச் சிறிய செதில்கள் தெரியும். அந்தச் செதில்தான் இலை, நாம் இலை என்று நினைத்த ஊசி உண்மையில் ஒரு குச்சி. சவுக்கு பூப்பூக்கும் மரம், கூம்பு மரங்களோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கூம்பு மாதிரி கையைக் குத்துகிறதே அது அதன் காய்க்கொத்து. மலைமேல் மிளகுக்கொடி ஏற்றுகிற சில்வர் ஓக்கும் இப்படித்தான். பெயரில் ஓக் இருக்கிறது, மரம் ஓக் இல்லை, வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து. உண்மையில் எங்கள் பக்கம் நிற்கிற கூம்பு மரம் எது என்றால், சர்ச் வாசலிலும் பங்களா முற்றத்திலும் தட்டுத் தட்டாகக் கிளை விரித்து நிற்கும் 'கிறிஸ்துமஸ் மரம்'. அது அராகேரியா, தென் பசிபிக் தீவுகளின் மரம். அதைத்தான் நாங்கள் கூம்பு மரமென்று எண்ணியதே இல்லை.

அப்படியானால் தென்னிந்தியாவுக்கென்று சொந்தமாக ஒரு கூம்பு மரமும் இல்லையா? ஒன்று உண்டு. ஒன்றே ஒன்று. தாவரவியலில் அதன் பெயர் நாகேயா வாலிச்சியானா, பழைய புத்தகங்களில் போடோகார்பஸ். அகத்தியமலை, ஆனைமலைப் பக்கத்து ஈரமான பசுமைமாறாக் காடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறது. மலையேறப் போகிற எங்கள் ஊர்ப் பையன்கள் அதைக் கடந்து போயிருந்தாலும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். காரணம், அதில் ஊசி இல்லை, பாடப்புத்தகத்தில் படம் போட்ட கூம்பும் இல்லை. உள்ளங்கை நீளத்துக்கு அகலமான, பளபளக்கும் பச்சை இலை, எதிரெதிராக ஜோடி ஜோடியாக. மா இலையையோ பலா இலையையோ திருப்பினால் நடுவில் ஓடும் நரம்பு முதுகெலும்பாகத் தெரியும் அல்லவா? இதில் அது கிடையாது. அடியிலிருந்து நுனி வரை சின்னச் சின்ன நரம்புகள் இணைகோடுகளாக ஓடும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தில் தடித்த காம்பின் நுனியில் உருண்டையாக ஒரு விதை, பார்த்தால் பழம் என்றே சொல்லத் தோன்றும். பழத்துக்குள் பொதியாமல் விதை வெளியே நிற்பதுதான் இந்த இனத்தின் அடையாளம். ஊசியிலை என்பது அடையாளமே இல்லை. ஊசியிலையைப் பார்த்துச் சவுக்கைக் கூம்பு மரமாக்கினோம், அகல இலையைப் பார்த்து இருந்த ஒரே கூம்பு மரத்தைக் கோட்டை விட்டோம்.

இந்தப் போடோகார்ப் குடும்பம் தென்பாதி உலகத்துக் குடும்பம். நம் தீபகற்பம் ஆஸ்திரேலியாவோடும் அண்டார்டிகாவோடும் ஒட்டிக் கிடந்த காலத்து உறவு. சாட்சி தேடி அகத்தியமலை வரைக்கும் போக வேண்டியதில்லை. எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019இல் பிரியும் வரை விழுப்புரத்தோடுதான் இருந்தது. அந்த விழுப்புரத்தில், வானூர் வட்டத்தில் இருக்கிறது திருவக்கரை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வக்கிரகாளியம்மனைப் பார்க்க எங்கள் ஊரிலிருந்தும் பஸ் ஏறுகிறார்கள். கோயிலுக்குப் பக்கத்திலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கல்மரப் பூங்கா. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, மரத்தின் நார் நாராகச் சிலிக்கா ஏறிக் கல்லாகிப்போன அடிமரங்கள் செம்மண்ணில் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 1781லேயே இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். பிற்பாடு பீர்பல் சாஹ்னி, இந்தியக் கூம்பு மரப் புதைபடிவங்களை 1931இல் மறுஆய்வு செய்தபோது, திருவக்கரைக் கல்மரங்களில் ஒன்றைப் போடோகார்ப் வகை மரத்தோடு சேர்த்தார். அகத்தியமலையில் இன்று தனியாக நிற்கிற மரத்துக்கு உறவான மரம் நம் சமவெளிப் பக்கத்தில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். புளியமரத்தின் சொந்தமும் அந்தக் கல்மரங்களுக்குள் உண்டு என்கிறார்கள். அம்மனுக்கு எலுமிச்சை மாலை போட்டுவிட்டுப் பிரசாதத்தோடு திரும்பினோம். வேலிக்குள் எட்டிப் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களிலும் சிலர் ஒரு துண்டை எடுத்து மடியில் கட்டிக்கொள்ளப் பார்த்தார்கள்.

தெற்கே பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் இன்னும் பழையது இருக்கிறது. டைனோசர் காலத்துக் கடல் இங்கே வரை வந்திருந்தபோது அதில் மிதந்து வந்து அமிழ்ந்து கல்லான மரம், பதினெட்டு மீட்டர் நீளம். எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதை வெளியுலகத்துக்குச் சொன்னார். பூப்பூக்கும் மரங்கள் தலையெடுப்பதற்கு முந்தைய கூம்பு மர வகை என்று அங்கே பலகை இருக்கிறது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் வைத்திருக்கும் கல்மரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட நாங்கள், பக்கத்து மாவட்டத்துக்குப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியதில்லை.

கூம்பு மரம் எங்களுக்கு அந்நியம் என்றும் சொல்ல முடியாது. பிள்ளையார் கோயிலில் தினமும் ஏற்றுகிற கட்டிக் கற்பூரம் பெரும்பாலும் பைன் பிசினில் இறக்கிய டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்தது. இருமலுக்குத் தேனில் குழைத்து நக்குகிற தாளிசாதி சூரணத்தில் சேரும் தாளிசபத்திரி இமயமலைக் கூம்பு மரத்து இலை, கடைக்குக் கடை சரக்கு மாறினாலும். நாட்டு மருந்துக் கடையில் தேவதாரு கேட்டால் என்ன கொடுப்பார்கள் என்பதில்தான் எங்கள் லட்சணம் முழுசும் இருக்கிறது. நிஜத் தேவதாரு இமயமலையின் கூம்பு மரம். தென்னாட்டில் அதற்குப் பதிலாக நெடுங்காலமாகப் புழங்கிவருவது செம்புளிச்சான் கட்டை. சில இடங்களில் அந்த மரத்தையே தேவதாரம் என்பார்கள்.

செம்புளிச்சான் எங்கே இருக்கிறது? எங்கள் மலையடிவாரத்து வறண்ட புதர்க்காடு மாதிரி இடத்தில்தான். ஆளுயரம், கொஞ்சம் கூடினால் சின்ன மரம். நுனி அகன்ற சிறு இலை, சிவப்புச் சிறு பழம், வெட்டினால் கருஞ்சிவப்பாக வாசனை வீசும் வைரம். தென்னமெரிக்கக் கோக்கா செடியின் பேரினம். தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்துச் சனங்கள் இதன் இலையைத் தின்று உயிர் பிடித்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பஞ்சத்தில் சோறாக நின்ற மரத்தை இன்று ஆடு மேய்க்கிற பெரியவர்கள் சிலருக்கு மட்டும் தெரிகிறது. மற்றவர்களுக்கு அது 'முள்ளுக்காடு', இத்தனைக்கும் செம்புளிச்சானுக்கு முள்ளே கிடையாது.

கல்வராயன் மலையோடு எங்கள் கொடுக்கல் வாங்கல் எல்லாம் இப்படியே நடந்தது. மேலேயிருந்து மலையாளிப் பழங்குடிச் சனங்கள் கடுக்காயும் புளியும் தேனும் தலைச்சுமையாக இறக்கினால் விலையைக் குறைத்துக் கேட்டோம், எந்த மரத்தில் பறித்தது என்று கேட்கவில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமைப்பட்டோம். உளி பிடிக்கிறவர் வாகையையும் தேக்கையும் மோந்தே சொல்வார், அவரிடம் எங்கள் பிள்ளைகளை ஒரு மணி நேரம் உட்காரவைக்கத் தோன்றவில்லை. 2022இல் தமிழக அரசு அந்நியக் களைத்தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அதை நடைமுறைப்படுத்த வருகிறவர்கள் இங்கே வந்து "உங்கள் மலையில் எது இருந்தது, எது வந்தது?" என்று கேட்டால் பதில் சொல்ல ஊரில் ஆள் வேண்டுமே. வனத்துறையைக் குறை சொல்ல மட்டும் எங்களுக்கு டீக்கடை போதுமானதாக இருந்தது.

இந்த வருஷச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைச் சாத்தனூருக்கோ திருவக்கரைக்கோ அழைத்துப் போகலாமே என்று பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தது. "அங்க என்ன இருக்கு, கல்லுதானே" என்று ஒருத்தர் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. கொடைக்கானலுக்கு முன்பணம் கட்டியாயிற்று.