எல்லாருக்கும் ஒரே செட்டிங்கு, ஆனா பூட்டாதீங்க!

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னிக்கு கொஞ்சம் டெக்னிக்கல் மேட்டர். கம்ப்யூட்டர் வாடையே ஆகாதவங்களும் படிக்கலாம், கடைசியில் இது கம்ப்யூட்டர் பத்தின விஷயமே இல்லைன்னு தோணும்.

2023 தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் சார் என்னைப் பார்த்ததும் பிடிச்சுக்கிட்டார். "தம்பி, நீ சாஃப்ட்வேர்லதான இருக்க, நம்ம லேப்பைக் கொஞ்சம் பாரேன்." சாஃப்ட்வேர்ல இருக்கவன்னா மிக்ஸி கூட ரிப்பேர் பண்ணுவான்னு நம்புற ஊரு. தப்பிக்க முடியாது. போனேன்.

பத்து மிஷின், எல்லாத்துலயும் உபுண்டு. லாகின் மட்டும் ஒண்ணே ஒண்ணு. ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் எல்லாப் புள்ளைகளும் அதே அக்கவுண்ட்லதான் நுழையணும். டெஸ்க்டாப் முழுக்க "புதிய1", "புதிய2"ன்னு ஃபைலா கிடக்கு. ஒருத்தன் ஒரு மணி நேரம் அடிச்ச கட்டுரை மேலயே அடுத்த பீரியட் பையன் வேற எதையோ சேவ் பண்ணியிருப்பான். எனக்கு என் காலேஜ் லேப் ஞாபகம் வந்துடுச்சு. இதே மாதிரி பொது லாகின்ல என் மினி ப்ராஜெக்ட் காணாமப் போய், வைவாவுக்கு முந்தின நாள் ராத்திரி திரும்ப எழுதினேன். அந்தக் கடுப்பு இன்னும் தீரல.

அதனால முதல் வேலையா ஆளுக்கொரு அக்கவுண்ட் போட்டேன். ஒவ்வொரு மிஷின்லயும் வகுப்புக்கு ரெண்டு பேர், ஆக பத்து அக்கவுண்ட். மொத்தம் நூறு. இங்கதான் சிக்கல். தமிழ்99 கீபோர்டு, ஃபயர்ஃபாக்ஸ் முகப்புப் பக்கம், லிப்ரே ஆபீஸ்ல தமிழ் எழுத்துரு, இதையெல்லாம் நூறு தடவை யார் உட்கார்ந்து மாத்துறது?

நமக்குத்தான் சோம்பேறித்தனம் ரத்தத்துல ஊறினதாச்சே. ஒரு மிஷின்ல ஒரு அக்கவுண்ட்டை மட்டும் அழகா செட் பண்ணிட்டு, மத்த ஒன்பது பேரோட செட்டிங் போல்டரையும் அதுக்கே லிங்க் கொடுத்து, பெர்மிஷனை எல்லாருக்கும் திறந்து விட்டேன். மத்த மிஷின்லயும் அதே மாதிரி. அரை நாள்ல வேலை முடிஞ்சது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கிட்டேன்.

ரெண்டே நாள். ஒருத்தன் வால்பேப்பர்ல விஜய் படம் வச்சா பத்து பேருக்கும் விஜய். ஒரு பொண்ணு கீபோர்டை மாத்தினா அடுத்த பீரியட்ல உட்காருறவனுக்கு வேற எழுத்து வருது. யார் கடைசியா மாத்தினாங்களோ அவங்க ராஜ்ஜியம். அதை விட மோசம், ஃபயர்ஃபாக்ஸ்ல ஒருத்தன் சேமிச்ச பாஸ்வேர்டு அடுத்தவனுக்கும் தெரியுது. தனித்தனி அக்கவுண்ட் கொடுத்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போச்சு.

சார் முகம் சுருங்கிடுச்சு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. லிங்க்கையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு நேர் எதிர்ப் பக்கம் போனேன். க்னோம்ல டிகான்ஃப்னு ஒண்ணு இருக்கு, செட்டிங் எல்லாம் அதுலதான் உட்காரும். நிர்வாகி ஒரு பட்டியல் போட்டு எந்த செட்டிங்கையும் பூட்டலாம். பார்த்ததையெல்லாம் பூட்டினேன். வால்பேப்பர், எழுத்து அளவு, மவுஸ், எல்லாம். இப்ப ஆடுங்கடா பார்க்கலாம்!

லீவு முடியுற நேரத்துல ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு மூக்கு ஸ்கிரீன்ல இடிக்கிற அளவுக்குக் குனிஞ்சு டைப் பண்ணிட்டு இருந்தா. "ஏம்மா, தள்ளி உட்காரு"ன்னேன்.

"எழுத்து தெரியல அண்ணா. முன்னாடி நானே பெருசாக்கி வச்சுப்பேன். இப்ப அமுக்கினா மாற மாட்டேங்குது."

பழைய பொது லாகின்ல கூட அந்தப் பொண்ணு தினமும் உள்ளே வந்து எழுத்தைப் பெருசாக்கி, போகும்போது சின்னதாக்கிட்டுப் போயிருக்கா. அந்தக் குப்பை ஏற்பாட்டுல இருந்த வசதியைக் கூட என் ஒழுங்கு பறிச்சிடுச்சு. வெட்கமாப் போச்சுங்க.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து, முதல்லயே பண்ணியிருக்க வேண்டியதைப் பண்ணினேன். டிகான்ஃப்ல ரெண்டு அடுக்கு வைக்கலாம். கீழே மிஷினுக்குப் பொதுவான அடுக்கு, மேலே அவரவர் அடுக்கு. நாம வைக்கிற செட்டிங் கீழே இருக்கும். பையன் எதையாவது மாத்தினா அது மட்டும் அவனோட அடுக்குல பதியும். அவன் தொடாத எல்லாமே கீழே இருந்து வரும். நாளைக்கு நாம கீழே ஒண்ணை மாத்தினாலும், அவன் தொடாத வரைக்கும் பத்து பேருக்கும் தானா போய்ச் சேரும். 'ஸ்கெல்' போல்டர்ல போட்டு வச்சா போதுமேன்னு சிலர் கேட்பீங்க. அது புது அக்கவுண்ட் உருவாக்குற நிமிஷம் ஒரு தடவை காப்பி ஆகுறதோட சரி. அப்புறம் அதுல என்ன மாத்தினாலும் பழைய அக்கவுண்ட்டுக்கு வராது.

நம்ம ஊர் பந்தி மாதிரிங்க இது. சமையல்காரர் உப்பு போட்டுத்தான் இறக்குவார், எல்லாருக்கும் ஒரே சாம்பார். ஆனாலும் இலையோரத்துல கொஞ்சம் உப்பு வைப்பாங்க இல்லையா? அந்த உப்பைத்தான் நான் பூட்டி வச்சிருந்தேன்.

பூட்டே வேண்டாம்னு சொல்லல. சாஃப்ட்வேர் நிறுவுறது, இன்டர்நெட் வடிகட்டி, ஃபயர்ஃபாக்ஸ்ல ஆட்-ஆன் போடுறது இதெல்லாம் பூட்டித்தான் ஆகணும். ஒருத்தர் கை வச்சா மத்தவங்களுக்கும் வினையாகும். 2018ல ஃபயர்ஃபாக்ஸ் 60 வந்ததுல இருந்து இதுக்குன்னே ஒரு பாலிசி ஃபைல் இருக்கு. முகப்புப் பக்கத்தை அதுல குறிச்சிட்டு, பூட்டணுமா வேண்டாமான்னு தனியா சொல்லலாம். விண்டோஸ்லயும் இதே கதைதான். டீஃபால்ட் ப்ரொஃபைல் புது ஆளுக்கு ஆரம்பம் கொடுக்கும். மேண்டேட்டரி ப்ரொஃபைல் போட்டா, என்ன மாத்தினாலும் லாக் ஆஃப் பண்ணினதும் பழையபடி ஆகிடும். அந்தப் பொண்ணு மாதிரி ஒருத்தர் தினமும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

என் கேள்வி ஒண்ணுதான். இதை மாத்தினா பக்கத்துல இருக்கவனுக்கு பாதிப்பு உண்டா? உண்டுன்னா பூட்டு. இல்லைன்னா ஆரம்பத்தை மட்டும் வச்சுட்டு விலகிடு. எழுத்து அளவு, இடது கைக்காரங்களுக்கு மவுஸ் பட்டன், வால்பேப்பர், இதுல யாருக்கு என்ன நஷ்டம்?

சார் ஒரு நியாயமான ஆட்சேபம் சொன்னார். "எல்லா ஸ்கிரீனும் ஒரே மாதிரி இருந்தாத்தான் தம்பி, 'இடது பக்கம் மூணாவதை அமுக்கு'ன்னு சொல்லித் தர முடியும்." ஒத்துக்கிறேன். நாப்பது நிமிஷ பீரியட்ல ஒவ்வொருத்தன் ஸ்கிரீனுக்கும் தனித்தனியா விளக்கம் சொல்ல முடியாது. அதுக்காக டெஸ்க்டாப்புல "பழையபடி மாத்து"ன்னு ஒரு ஐகான் வச்சேன். உள்ளே டிகான்ஃப் ரீசெட் கட்டளை, அவ்வளவுதான். ரொம்பக் குழப்பிக்கிட்டவன் அதை அமுக்கினா அவனோட செட்டிங் மட்டும் போய் பொது செட்டிங் வந்துடும், அவன் ஃபைல் எதுவும் போகாது. எழுத்தைப் பெருசாக்கினவ அதைத் தொட வேண்டியதே இல்லை.

கேரளாவுல அரசோட 'கைட்' நிறுவனம் உபுண்டுவை அடிப்படையா வச்சு பள்ளிக்கூடங்களுக்குன்னே தனி லினக்ஸ் தொகுப்பு தருது. நல்ல ஆரம்பத்தை ஒரு இடத்துல உட்கார்ந்து தயார் பண்ணிட்டா, ஊர் ஊரா ஒவ்வொரு சாரும் என்னை மாதிரி அரைகுறைகிட்ட மாட்ட வேண்டியதில்லை :-)

ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு லேப் பக்கம் போனேன். அந்தப் பொண்ணு நிமிர்ந்து உட்கார்ந்து ஏதோ அடிச்சிட்டு இருந்தா, எழுத்து ஒவ்வொண்ணும் நாவல்பழம் சைஸ்ல. பக்கத்து மிஷின்ல விஜய். அதுக்குப் பக்கத்துல அஜித். சண்டை இல்லை.

டிஸ்கி: உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல லேப் இருந்தா ஒரு நாள் போய்ப் பாருங்க. எதையும் பூட்டுறதுக்கு முன்னாடி கடைசி பெஞ்சுல யார் குனிஞ்சு உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க. நான் அதைப் பின்னாடிதான் பார்த்தேன்.