தமிழை மறந்தால்தான் அரபு வருமா?

அரபு நாவில் ஏற வேண்டுமானால் தமிழ் நாவிலிருந்து இறங்க வேண்டும் என்று கூறும் பெரியவர்கள் நம்மிடையே இன்றும் உளர். அரபு வகுப்பில் தமிழில் ஐயம் கேட்ட சிறுவனைக் கடிந்து அமர்த்தும் ஆசிரியர்களும் உளர். அவர்களுடைய நோக்கத்தை நான் ஐயுறவில்லை, கொள்கையைத்தான் மறுக்கிறேன். பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுதுவதற்கு மனித உள்ளம் கரும்பலகை அன்று. ஒரு மொழியைக் கற்க வருபவன், முன்னர் அறிந்த மொழிகள் அனைத்தையும் உடனழைத்துக்கொண்டே வருகிறான். நாம் விலக்கினாலும் அவை அவனை விட்டு விலகா.

என் வகுப்பில் நிகழ்ந்தது ஒன்று. ‘ஸைதுன் ஆலிமுன்’ என்று எழுதிப் பொருள் கேட்டேன். தமிழ்வழிப் பள்ளியில் பயிலும் சிறுவன், ‘ஸைது ஆலிம்’ என்று உடனே சொன்னான். ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் மற்றொருவனோ, “ஹஜ்ரத், இதில் ‘இஸ்’ எங்கே?” என்று கேட்டான். இருவர்க்கும் வீட்டு மொழி தமிழே. தமிழிலும் அத்தகைய சொல் வேண்டுவதில்லை. ஆயினும் பள்ளியில் கற்ற ஆங்கிலம் முந்திக்கொண்டது. அயல்மொழி ஒன்றைக் கற்கும்போது, முன்னர்க் கற்ற வேறோர் அயல்மொழியை உள்ளம் துணைக்கு அழைப்பதுண்டு என்று மொழியியலார் கூறுவதை அன்று கண்ணாரக் கண்டேன். “உம்மாவிடம் ‘அவர் ஆலிம்’ என்று சொல்லும்போது ‘இஸ்’ சேர்ப்பாயா?” என்றேன். சிரித்தான், ஐயம் தீர்ந்தது. அவனுக்கு அரபைத் தெளிவாக்கியது தமிழன்றி வேறெது?

இன்னும் கேளுங்கள். மனிதர் அல்லாதவற்றின் பன்மையை அரபு மொழி பெண்பால் ஒருமையாகவே கொள்ளும். ‘புத்தகங்கள் புதியவை’ என்பதற்கு ‘அல்குதுபு ஜதீததுன்’ என்பர். பன்மை எழுவாய்க்கு ஒருமைப் பயனிலையா என்று ஆங்கிலம் மட்டும் அறிந்தவன் திகைப்பான். தமிழ் மாணவன் திகைக்க வேண்டியதில்லை. அரபு இலக்கணம் ஆகில், கைரு ஆகில் என்று பகுப்பதைத் தொல்காப்பியர் உயர்திணை, அஃறிணை என்று பகுத்துச் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே வைத்தார். ‘மாடுகள் வந்தது’ என்று நம் பேச்சுவழக்கும் அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினையையே தருகிறது. பால் வேறுபடலாம்; பாதை ஒன்றே. ‘கதப்து’ என்ற ஒரு சொல்லிலேயே ‘நான்’ அடங்கியிருப்பதும், ‘எழுதினேன்’ என்று அன்றாடம் பேசும் பிள்ளைக்குப் புதுமையன்று. இவ்வளவு செல்வத்தையும் வாயிலில் இறக்கி வைத்துவிட்டு வா என்று அவனிடம் சொல்வது அறிவுடைமையாகுமா?

நான் ஓதிய காலத்தில் அரபு நூல்களுக்கு உருதுவில் பொருள் சொன்னார்கள். வீட்டில் உருது அறியாத எங்களுக்கு அது இரட்டைச் சுமையாயிற்று. உருது இனிய மொழி; அதைத் தாய்மொழியாகக் கொண்டோர் அதன்வழிக் கற்பது முறையே. எங்கள் நிலையோ வேறு. ‘கிதாப்’ உருதுவில் பெண்பால், அரபியில் ஆண்பால். ‘கரீப்’ என்றால் உருதுவில் ஏழை, அரபியில் அந்நியன். உருதுவின் பாலையும் பொருளையும் அரபு வாக்கியத்தில் ஏற்றிவிட்டு, பின்னர் அவற்றைக் களைவதிலேயே ஆண்டுகள் கழிந்தன. அறிவில் குறையாத தோழர் சிலர், ‘எனக்கு அரபு வராது’ என்று நம்பி இடையிலேயே வெளியேறினர். வராதது அரபன்று, வழிதான் தவறு.

தமிழ் எங்கும் துணையே செய்யும் என்று நான் வாதிடவில்லை. இடறும் இடங்களும் உண்டு. ‘கல்பு’ என்று எழுதினால் நெஞ்சமா, நாயா என்று தமிழெழுத்துக் காட்டாது. அரபியில் அவை காஃப், காப் என்னும் வெவ்வேறு எழுத்துகளால் தொடங்குவன. இருமை எண் தமிழில் இல்லை. சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால் என்பது நம் பிள்ளைகளுக்கு விந்தை. ‘நேற்று வந்த மாணவர்’ என்று நாம் முன்னே வைப்பதை, அரபு ‘அல்லதீ’ சேர்த்துப் பின்னே வைக்கும். ஆனால் இடறும் இடம் இதுவென்று முன்கூட்டிச் சொல்ல வல்லவர் யார்? இரு மொழியும் அறிந்த ஆசிரியர் அல்லரோ? தமிழைப் புறக்கணித்த ஆசிரியர், மாணவன் விழுந்த பின்னரும் எதில் இடறினான் என்று அறியார், பிரம்பைத்தான் தேடுவார்.

அரபுச் சூழலில் விட்டால் குழந்தை தானே கற்றுக்கொள்ளும் என்பார் சிலர். அரபு நாட்டின் தெருவில் வளரும் குழந்தைக்கு அது பொருந்தும். நாளுக்கு ஒரு மணி நேரம் மக்தபுக்கு வரும் பிள்ளைக்கு அந்தத் தெருவை எங்கிருந்து கொணர்வது?

முன்னோர் இதை அறியாதவர் அல்லர். யூதரின் எழுத்தைக் கற்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்தபோது ஸைது இப்னு தாபித் (ரலி) அரை மாதத்திற்குள் கற்றார் என்று திர்மிதியின் ஹதீஸ் தொகுப்பில் காண்கிறோம். அவர்தம் கூர்மதியோடு, எபிரேயத்திற்கு உடன்பிறப்பான அரபு அவர் நாவில் இருந்ததும் துணையாகியிருக்கும் என்று கருதுவதில் பிழையில்லை. அரபு இலக்கணத்தின் தலைநூலாகிய ‘அல்கிதாப்’ தந்த ஸீபவைஹி பாரசீகர். நம் நாட்டிலோ கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபிலும் அரபுத்தமிழிலும் நூல்கள் இயற்றினார். அவருடைய அரபுப் புலமையைத் தமிழ் எள்ளளவேனும் குறைத்ததா?

ஆகவே மதரஸா நடத்தும் பெரியோர்களை வேண்டுகிறேன்: தமிழ்ப் பிள்ளைகளுக்கு அரபு இலக்கணத்தைத் தமிழில் விளக்கும் பாடநூல் தாருங்கள். அதில் இரு மொழியும் கூடும் இடத்தையும் பிரியும் இடத்தையும் அருகருகே காட்டுங்கள். ஆசிரியர்க்குத் தமிழிலக்கணமும் கற்பியுங்கள். பெற்றோர்களே, பிள்ளை ஓதிவிட்டு வந்ததும் எத்தனை பக்கம் முடித்தாய் என்று மட்டும் கேளாதீர்கள். ஓதியதில் ஒரு வரிக்கேனும் தமிழில் பொருள் சொல் என்று கேளுங்கள். அவன் விழித்து நின்றால், குற்றம் அவனுடையதும் அன்று, அவன் தாய்மொழியினுடையதும் அன்று.