காய்ச்சல் விட்டும் நெஞ்சு அடைத்தால்



"காய்ச்சல் போயிருச்சு மிஸ், ஆனா கொழுந்தோட மலை ஏற முடியல்ல. நெஞ்சு அடைக்குது." ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் வன்னிக்குப் போய், அங்கே யுத்தத்தில் எல்லாம் இழந்து திரும்பிய பெண் இதைச் சொன்னால், லயத்தில் உடனே பதில் வரும்: "அது யோசனைம்மா." யோசனையாலும் நெஞ்சு படபடக்கும்தான். ஆனால் சோதித்துப் பார்க்காமல் அப்படி முடிவு கட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

கொரோனா, டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சல்கள் சிலருக்கு இதயத் தசையையும் தாக்கும். தசை காயப்பட்டால் அதற்குள் இருக்கும் ட்ரொபோனின் என்ற புரதம் இரத்தத்தில் கசியும். மாரடைப்பு என்று சந்தேகித்தால் செய்கிற அதே இரத்தச் சோதனைதான் இதற்கும்.

2020இல் சீனாவின் வூஹான் நகர ஆஸ்பத்திரியொன்றில் கொரோனாவுடன் இருந்த 416 பேரைக் கவனித்தார்கள். 82 பேருக்கு ட்ரொபோனின் கூடியிருந்தது. அவர்களில் 42 பேர் இறந்தார்கள். கூடாத 334 பேரில் இறந்தவர்கள் 15 பேர். கூடியவர்களில் பலர் வயதானவர்கள், பிரஷர் உள்ளவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிறுநீரக வருத்தத்திலும் இது கூடும். அதனால் சில மணித்தியாலம் கழித்துத் திரும்ப இரத்தம் எடுத்து, ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதை அந்த இலக்கம் டாக்டருக்குக் காட்டும்.

நுவரெலியாக் குளிரில் டெங்கு குறைவு என்று இருந்துவிட முடியாது. கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் காய்ச்சலோடு ஊர் திரும்புகிறார்கள். 2017இல் மட்டும் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். அப்போது சேலைனை அளந்துதான் ஏற்றுவார்கள். குறைந்தால் இரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமாக இருக்கையில் கூடினால் நுரையீரலில் நீர் தேங்கும். 'பிளேட்லட் எவ்வளவு?' என்று எல்லாரும் கேட்கிறோம், இதயத்தைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இந்தச் சோதனையை எதிர்பார்க்க வேண்டாம். டிக்கோயா, நுவரெலியா போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதலில் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். காய்ச்சல் வந்து எத்தனை நாள், படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கால் வீங்குகிறதா, சிறு வயதில் இதய வருத்தம் இருந்ததா, கர்ப்பமா என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். சிங்களம் வராவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், அல்லது எழுதி எடுத்துப் போங்கள். மூச்சுத் திணறினால், மயக்கம் வந்தால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை.

இதயத் தசை வீங்கியிருந்தால் பாரம் தூக்குவதையும் மலை ஏறுவதையும் சில மாதம் நிறுத்தச் சொல்வார்கள். பேர் போய்விடும் என்று அடுத்த நாளே மலைக்கு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். துண்டு வெட்டும்போதே மெடிக்கல் கேட்டு வாங்கி, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு, மற்றதைத் தோட்டத்து ஆபீசில் கொடுங்கள்.